ஓரணாக்காரர்

திண்டுக்கல் நகரிலும் அதைச் சூழ்ந்த வேடசந்தூர், நிலக்கோட்டை, சின்னாளப்பட்டிச் சமவெளிகளிலும் தேநீர்க் கடைப் பெஞ்சுகளில் விடியற்காலை முதலே காணக்கிடைக்கும் ஒரு மனித வகையை, ஆய்வு வசதி கருதி, 'ஓரணாக்காரர்' என்று குறிப்பிடலாம். எந்தப் பொருளைக் கண்டாலும் அதன் இன்றைய விலையைக் கேட்டு அதிர்ந்து, அன்றைய விலையைச் சொல்லிப் பெருமூச்செறிவது இவ்வகையினரின் தலையாய அடையாளம். இரண்டாம் உலகப் போர் முடிந்து பிள்ளைப்பேறு பெருகிய 1946 முதல் 1964 வரையிலான ஆண்டுகளில் பிறந்தோரை அமெரிக்கர்கள் 'பேபி பூமர்' என்றனர். அச்சொல் கடல் கடந்து வருகையில் வழியில் குழந்தையைத் தொலைத்துவிட்டு, 'பூமர் அங்கிள்' என்ற ஏளனமாகத் தமிழ் இளைஞர் வாயில் குடியேறி, 2024-இல் ஒரு திரைப்படத்துக்கே பெயராகவும் அமைந்துவிட்டது. பேரன் அவ்வாறு அழைக்கும்போது ஓரணாக்காரர் வருந்துவதில்லை. அவருக்குத் தெரிந்த பூமர், 1990-களில் பெட்டிக்கடைகளில் தொங்கிய பபுள்கம் ஒன்றுதான் என்பதால், எவ்வளவு மென்றாலும் கரையாதவர் என்று பேரன் தம்மைப் பாராட்டுவதாகவே அவர் எடுத்துக்கொள்கிறார்.

அணா என்பது ரூபாயில் பதினாறில் ஒரு பங்கு. 1957 ஏப்ரல் முதல் நாளன்று ரூபாய்க்கு நூறு 'நயா பைசா' என்ற தசமக் கணக்கு நடைமுறைக்கு வந்தபோது ஓரணாவின் மதிப்பு ஆறேகால் நயா பைசா என்றாயிற்று. அந்தக் கால் பைசாவைக் கடைக்காரரும் விடாமல் வாங்குபவரும் விடாமல் நடந்த வாக்குவாதங்கள் தனி ஆய்வுக்குரியவை. 1952-இல் பிறந்த ஓரணாக்காரருக்கு அப்போது வயது ஐந்து. ஆகவே ஓரணாவுக்கு இரண்டு இட்லியும் சட்டினியும் காப்பியும் சாப்பிட்டதாக அவர் விவரிக்கும்போது, சாப்பிட்டவர் அவருடைய தந்தையாராக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். நிலத்தையும் வீட்டையும் அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்துக்கொண்டுவிட, பிரிக்கப்படாத பூர்வீகச் சொத்தாக எஞ்சியது இந்த விலைப்பட்டியல் ஒன்றுதான். எனினும் அவர் பக்கத்து நியாயத்தையும் பதிவுசெய்ய வேண்டும்: அணா செத்த பின்னும் இருபத்தைந்து காசை 'நாலணா' என்றும் ஐம்பது காசை 'எட்டணா' என்றும் அழைத்து ஊரே அதற்கு அரை நூற்றாண்டு திதி கொடுத்து வந்தது, 2011 ஜூன் இறுதியில் இருபத்தைந்து காசு செல்லாது என்று அறிவிக்கப்பட்டபோதுதான் நாலணாவுக்கு உண்மையில் கொள்ளி வைக்கப்பட்டது.

அதே 1957-இல்தான் தலைப்பாகை கட்டிய நாகசாமி நாயுடு சீரகச் சம்பா அரிசியில் பிரியாணி சமைத்து விற்கும் கடையைத் திண்டுக்கல்லில் தொடங்கினார். பின்னர் அத்தலைப்பாகையே கடைக்குப் பெயராகி வெளிநாடுகள் வரை போயிற்று. முதல் நாளே அவர் கையால் வாங்கி உண்டதாகக் கூறாத ஓரணாக்காரர் அரிது. தீபாவளிக்கும் கோட்டை மாரியம்மன் திருவிழாவை ஒட்டிய நாட்களுக்கும் மட்டுமே கறிச்சோறு கண்ட குடும்பங்களில் இது எங்ஙனம் நிகழ்ந்தது என்று ஆராய்ந்தால், கடை இருந்த வழியாகப் பள்ளிக்கூடம் போய்வந்தது மட்டும் உறுதிப்படுகிறது. வாசனைக்கு அன்றும் விலை கிடையாது.

இசை பற்றிய அவருடைய நினைவு, அதையும் அவர் காசு கொடுத்து வாங்கவில்லை என்பதால், ஓரளவு நம்பத்தக்கது. 1952-இல் ஒன்றிய ஒலிபரப்புத் துறை அமைச்சரான பி.வி. கேஸ்கர், திரையிசை மக்களின் ரசனையைக் கெடுக்கிறது என்று கருதி அகில இந்திய வானொலியில் அதை ஒடுக்க, நேயர்கள் வானொலிப் பெட்டியின் முள்ளைத் திருப்பிக்கொண்டு இலங்கைக்குக் குடிபெயர்ந்தனர். 1957 அக்டோபரில் விவித பாரதியைத் தொடங்கி அழைத்தபோதும் பலர் திரும்பி வரவில்லை. வீட்டில் வானொலிப் பெட்டி வைக்க அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் பணம் கட்டி உரிமம் பெற வேண்டியிருந்த காலமாதலால், ஒரு தேநீர்க் கடைப் பெட்டிதான் ஒரு தெருவுக்கே காது. தொலைதூர ஒலிபரப்புக்குரிய சிற்றலையில் ஒலி கடலலை போல எழுந்தும் அமிழ்ந்தும் வரும். இதன் விளைவு இன்றும் காணத்தக்கது: ஓரணாக்காரர் அக்காலப் பாடல் ஒன்றைப் பாடும்போது சரணத்தின் நடுவில் குரல் மங்கி, இரண்டு வரிகள் வாய் மட்டும் அசைந்து, பின் திடீரென்று ஓங்கி எழுவது நினைவு தவறியதால் அன்று, அப்பாடலை அவர் அறிந்திருப்பதே அவ்வாறுதான். இலங்கை வானொலி அறிவிப்பாளர் மயில்வாகனனின் குரலில் நேரம் சொல்லிக் காட்டுவதும் உண்டு, யாரும் கேட்காமலே.

வாசிப்பைப் பொறுத்தவரை காலக்கணக்கு சற்றுச் சிக்கலாகிறது. 1947-இல் தொடங்கிய 'அம்புலிமாமா'வின் வேதாளக் கதைகளை அவர் படித்திருக்கக்கூடும். ஆனால், சிவகாசியிலிருந்து 1972-இல் வெளிவரத் தொடங்கிய முத்து காமிக்ஸின் இரும்புக்கை மாயாவியையும் ஐந்தாம் வகுப்பில் படித்ததாக அவர் சாதிப்பதால், ஐந்தாம் வகுப்பு அவருக்கு இருபது வயது வரை நீடித்தது என்று கொள்ள நேர்கிறது. மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்து இரும்புக்கை மட்டும் தெரியும் அந்த நாயகன், அன்றைய திண்டுக்கல் கிராமங்களின் மின்னழுத்தத்தில் இடுப்பு வரைதான் மறைந்திருப்பான் என்பது வேறு செய்தி. விளையாட்டுகளில் பம்பரமும் கிட்டிப்புள்ளும் எங்கும் உள்ளவை. வியக்கத்தக்கது 'பல்பு சினிமா'. பியூஸ் போன குண்டு பல்பின் உள்ளிருப்பதைப் பக்குவமாக எடுத்துவிட்டு நீர் நிரப்பினால் அது உருப்பெருக்கிக் கண்ணாடியாகிவிடும். இருட்டறைக்குள் வாசல் வெயிலை முகம் பார்க்கும் கண்ணாடியால் திருப்பி, பல்புக்கு முன்னால் துண்டு பிலிமைத் தலைகீழாகப் பிடித்தால், அப்பாவின் வேட்டியில் எம்.ஜி.ஆர். நிமிர்ந்து நிற்பார். ஒளியியலை இவ்வளவு தெளிவாக அறிந்திருந்தவர்கள் அதே பாடத்தில் தேர்வில் தோற்றது கல்வியாளர்கள் சிந்திக்க வேண்டியது.

ஓரணாக்காரரின் நினைவுலகத்துக்குத் தலைநகரம் டூரிங் டாக்கீஸ்தான். நிரந்தரக் கட்டடம் இன்றி, குறித்த காலத்துக்கு மட்டும் உரிமம் பெற்று ஊர் ஊராக இடம்பெயர்ந்த கூடாரத் திரையரங்குக்கு இப்பெயர். மாலையில் குழாய் ஒலிபெருக்கியில் பக்திப்பாடல் எழுந்தால் சுற்றுப்பட்டி அடுப்புகள் அணையும். தரை டிக்கெட் வாங்கியவர் மணலைக் குவித்து மேடாக்கி அமர, பின்னால் இருப்பவர் அதைவிட உயரமாகக் குவிக்க, படம் தொடங்குவதற்குள் அரங்கினுள் ஒரு சிறுமலைத் தொடரே உருவாகிவிடும். படம் காட்டும் கருவி ஒன்றே என்பதால் சுருள் மாற்ற மூன்று நான்கு முறை விளக்கு எரியும். அந்த இடைவேளைகளில் முறுக்கும் கோலி சோடாவும் விற்பனையாகும். எம்.ஜி.ஆர். தாமே தயாரித்து இயக்கி 1958 ஆகஸ்டில் வெளியிட்ட 'நாடோடி மன்னன்', மூன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடக்கூடியதாகவும், பெரும்பகுதி கறுப்பு வெள்ளையாகவும் பிற்பகுதி வண்ணத்திலும் அமைந்ததாகவும் இருந்தமையால், சுற்றுப்பட்டிக் கூடாரங்களுக்கு அது சில ஆண்டுகள் கழித்து வந்து சேர்ந்த இரவு, பலருக்குப் பிறந்தநாளைவிட நன்றாக நினைவிருக்கிறது. கதை சொல்லி வருகையில் வண்ணம் தோன்றும் கட்டத்தை நெருங்கும்போது ஓரணாக்காரரின் குரலே நிறம் மாறும்.

அரசியல் நினைவுகளுக்கு இங்கு அதிக இடம் தேவையில்லை. அ.தி.மு.க. 1972 அக்டோபரில் பிறந்து, 1973 மே மாதம் திண்டுக்கல் நாடாளுமன்ற இடைத்தேர்தலில் மாயத்தேவரை நிறுத்தி இரட்டை இலைச் சின்னத்தில் முதல் வெற்றி கண்டது வரலாறு. அந்த முதல் இரட்டை இலையைச் சுவரில் வரைந்தவர் தாமே என்பவர்களை எண்ணிப் பார்த்தால், அன்றைய திண்டுக்கல்லில் அத்தனை சுவர்கள் இருந்திருக்க முடியாது.

அவருடைய நினைவில் முற்றிலும் இடம்பெறாத பொருள் ஒன்று உண்டு. அது தண்ணீர். திண்டுக்கல்லுக்குப் பெண் கொடுக்க வெளியூரார் தயங்கிய அளவுக்குத் தட்டுப்பாடு நிலவிய ஊர் இது. கோடையில் கிணற்றின் அடியில் ஊற்று ஊறி ஒரு குடம் சேர்வதற்கு நள்ளிரவு வரை காத்திருந்து, முறை வைத்து இறைத்தார்கள். இறைத்தவர்கள் பெண்கள். பூட்டுகளுக்குப் பேர்போன இந்நகரில், சாவியைத் திருகினால் மணியடித்துக் காட்டிக்கொடுக்கும் 'மணிப்பூட்டு' என்று ஒன்று உண்டு. ஓரணாக்காரரின் நினைவுப் பெட்டகத்துக்கு அத்தகைய மணியாக அமைபவர், பெரும்பாலும் சின்னாளப்பட்டியிலோ வத்தலக்குண்டிலோ வாழ்க்கைப்பட்டு, விசேஷங்களுக்கு மட்டும் வந்துபோகும் அவருடைய அக்கா. திண்ணையில் பேரப்பிள்ளைகளை உட்காரவைத்துத் தம்பி டூரிங் டாக்கீஸைத் திறக்கும்போதெல்லாம், உள்ளிருந்து வெற்றிலையை மடித்துக்கொண்டே அவர் திருத்தங்கள் வழங்குகிறார்: இட்லி சாப்பிட்டவர் அப்பா, பிரியாணி யாரும் சாப்பிடவில்லை, வேட்டி ஓட்டையானதற்கு அடி வாங்கியது அக்கா.

'நாடோடி மன்னன்' வந்ததும் அவர் திருத்துவதில்லை. அன்றிரவு பானுமதி இறந்த காட்சியோடு கிணற்று முறை வந்துவிட்டதென்று அம்மா அவரை எழுப்பி அழைத்துப்போய்விட்டார். மறுநாள் கூடாரம் வேறு படத்துக்கு மாறிற்று. அதற்கடுத்த ஆண்டு அவருக்குக் கல்யாணம்.

"தம்பி, நான் பாத்தது கறுப்பு வெள்ளை மட்டுந்தானேப்பா. கலர்ல சரோஜாதேவி என்ன நிறத்துல உடுத்தியிருந்தா?"

ஓரணாக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மீண்டும் மாட்டி, கூரையைப் பார்த்து நெடுநேரம் யோசிக்கிறார்.

"தரை டிக்கெட் ரெண்டணா, அக்கா."