ஒரு சாண் கரையும் பூசின உடம்பும்: இளையரசனேந்தல் வட்டாரச் சேலைத் தேர்வு பற்றி ஓர் ஆய்வு

சேலை என்பது தையல் படாத நீள்சதுரத் துணி. இன்று கடைகளில் கிடைப்பது ஐந்தரை மீட்டர் நீளமும் ஏறக்குறைய 1.15 மீட்டர் அகலமும் உடையது. ரவிக்கைத் துணி சேர்ந்தால் நீளம் இன்னும் முக்கால் மீட்டர் கூடும். அதை உடுத்தும் உடல் நீள்சதுரமாக இருப்பதில்லை. இத்துறையின் அத்தனை வழக்குகளும் இந்த ஒரு முரணிலிருந்துதான் கிளைக்கின்றன. தட்டையான தாளை உருளையின் மேல் சுருக்கமில்லாமல் சுற்றலாம், பந்தின் மேல் சுற்ற முடியாது என்பதற்கான கணித அடிப்படையை காஸ் 1827-இல் நிறுவினார். ரஷ்யக் கணித அறிஞர் செபிஷேவ் 1878-இல் பாரிசில் துணி வெட்டுவதைப் பற்றியே ஓர் ஆய்வுரை நிகழ்த்தினார்; பாவும் ஊடையும் ஒன்றுக்கொன்று சாய்ந்து கொடுப்பதால் தாளுக்கு உள்ள பிடிவாதம் துணிக்குக் கிடையாது என்பது அதன் சாரம். இருவரும் சேலையைக் கணக்கில் எடுக்கவில்லை. சேலை வெட்டுவதற்கே இடம் கொடுப்பதில்லை; உடலின் மேடுபள்ளத்துக்குப் போக மிஞ்சிய துணியைக் கொசுவமாக மடித்துச் செருகிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறது.

ஆய்வுக்களமான இளையரசனேந்தல், கோவில்பட்டிக்கு மேற்கே கரிசல் காட்டில் இருக்கும் பழைய ஜமீன் ஊர். முன்பு சங்கரன்கோவில் வட்டத்தில் இருந்தது. பிறகு வருவாய்க் கணக்கில் கோவில்பட்டிக்கும், ஊராட்சி ஒன்றியக் கணக்கில் குருவிகுளத்துக்குமாக இழுபட்டது. சேலை எடுப்பதிலும் இந்த இழுபறி உண்டு. கிழக்கே கோவில்பட்டிக் கடைவீதி. மேற்கே சங்கரன்கோவிலின் விசைத்தறிகளும், ஆடித்தபசுக்குப் போனவர்கள் கையோடு வாங்கிவரும் நூல் சேலைகளும். கருங்கண்ணிப் பருத்தி இந்தக் கரிசலின் பழைய வெள்ளாமை. கோவில்பட்டியில் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் 1901 முதல் இருக்கிறது. அப்படிப்பட்ட ஊரில் வேலிக்கு வேலி பாலியெஸ்டர் சேலை காய்வது ஏன் என்பது பொருளாதாரத் துறையினர் பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம்.

உடல் வகைப்பாட்டில் அறிஞர்களிடையே ஒற்றுமை இல்லை. அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஷெல்டன் 1940-இல் மனித உடலை மூன்று கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கூறுக்கும் ஒன்று முதல் ஏழு வரை மதிப்பெண் போட்டார். உடலை வைத்துக் குணத்தையும் சொல்லப்போய்ப் பெயரைக் கெடுத்துக்கொண்டார். அழகுக்குறிப்பு எழுதுவோர் ஆப்பிள், பேரிக்காய், மணற்கடிகாரம் என்ற பிரிவோடு நிற்கிறார்கள். இவற்றில் எதுவும் கரிசலில் விளைவதில்லை. வட்டாரத்தில் வழங்கும் வகைப்பாடு இவற்றைவிட நுட்பமானது. அது உடலை மட்டும் அளப்பதில்லை, சொல்பவருக்கும் சொல்லப்படுபவருக்கும் உள்ள உறவையும் சேர்த்தே அளக்கிறது. ஒரே பெண், ஒரே வாரத்தில், பெற்ற தாய்க்கு 'துரும்பா எளச்சுப் போயிட்டா'. மாமியாருக்கு 'நல்லா பூசுனாப்புல இருக்கா'. நாத்தனாருக்கு 'கல்யாணத்துக்கப்புறம் ஒரு சுத்து பெருத்துட்டா'. ஆகவே உடல்வாகுக்கு ஏற்பச் சேலை எடுக்க விரும்புவோர், அந்த உடல்வாகை அறிவித்தவர் யார் என்பதை முதலில் விசாரித்துக்கொள்வது நல்லது. இந்தக் கட்டுரைக்கு நெட்டை ஒல்லி, குட்டை ஒல்லி, வாட்டசாட்டம், குட்டையாகப் பூசின உடம்பு ஆகிய நான்கு போதும். பெரும்பாலோர் இந்த நான்கிலும் அடங்காமல் நடுவில் நிற்பார்கள். அவர்களுக்கு எதைக் கட்டினாலும் பொருந்திவிடும் என்பதால் இத்துறை அவர்களைக் கண்டுகொள்வதில்லை.

நிறத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வெளிறிய பொருள் இருண்ட பின்னணியில் தன் அளவைவிடப் பெரிதாகத் தெரியும். கலிலியோ காலத்திலேயே கோள்களை அளக்கப்போனவர்களுக்குத் தொந்தரவு கொடுத்த மயக்கம் இது. அடர்நிறச் சேலை உடம்பைச் சற்று ஒடுக்கிக் காட்டும், சந்தன நிறம் சற்று விரித்துக் காட்டும் என்பது இதன் குடும்பக் கிளை. இவ்விதிப்படி மிகச் சிறந்த சேலை கறுப்பு. ஆனால் கறுப்புச் சேலையில் கல்யாண வீட்டுப் படியேறினால் ஒல்லியாகத் தெரிவதற்கு முன் வேறு பலவாகத் தெரிய நேரும். அறிவியலுக்கும் அத்தைமாருக்கும் இடையே எட்டப்பட்ட சமரசங்களே அரக்கு, மயில்கழுத்து, எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயரால் வழங்கும் எம்.எஸ். நீலம் ஆகியவை.

கோடுகளில் குழப்பம் அதிகம். நெடுக்குக் கோடு ஒல்லியாகக் காட்டும், குறுக்குக் கோடு குண்டாகக் காட்டும் என்பது தையற்கடை முதல் தறிக்கூடம் வரை நிலைத்துவிட்ட நம்பிக்கை. ஜெர்மன் அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1860-களிலேயே இதற்கு நேர்மாறாக எழுதிவைத்தார்: குறுக்குக் கோடுகளால் நிரப்பிய சதுரம் உயரமாகவும் ஒடுங்கியும் தெரியும், நெடுக்குக் கோடுகளால் நிரப்பியது அகன்று தெரியும். பெண்களின் உடையையே அவர் எடுத்துக்காட்டாகவும் சொன்னார். இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர் 2011-இல் சோதித்துப் பார்த்து அவர் பக்கமே தீர்ப்புச் சொன்னார்கள். தீர்ப்பின் நகல் கோவில்பட்டிக் கடைகளுக்கு இன்னும் வந்து சேரவில்லை. வந்தாலும் பயன் குறைவு. சேலையில் நெடுக்குக் கோடு நெடுக்காகவே நிற்பதில்லை. கால்பக்கம் நெடுக்காக ஓடுவது, மார்பின் குறுக்கே முந்தி ஏறும்போது சாய்கோடாகித் தோளைத் தாண்டி முதுகில் வேறொரு திசை பிடிக்கிறது. ஹெல்ம்ஹோல்ட்ஸின் சதுரம் நடமாடவில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

கோட்டைவிடக் கரைதான் காரியம் பார்க்கிறது. சேலையின் அகலம் எல்லாருக்கும் ஒன்று. இடுப்பிலிருந்து தரை வரை உள்ள உயரம் ஆளுக்கு ஆள் வேறு. நல்ல உயரமான பெண்ணுக்கு அகலம் முழுவதும் செலவாகிவிடும். ஐந்தடிக்குச் சற்று மேலோ கீழோ இருப்பவருக்கு ஒரு சாண் அளவு துணி மிஞ்சும். அதை உள்பாவாடைக்குள் திணித்தாக வேண்டும். கட்டுபவர் பூசின உடம்பாகவும் சேலை கெட்டிப் பட்டாகவும் அமைந்தால், எங்கே பருமன் வேண்டாம் என்று நினைக்கிறாரோ அங்கேயே இன்னொரு சுற்றுத் துணி குடியேறும். போதாக்குறைக்குக் கீழே ஒரு சாண் கரை. உயரமானவருக்கு அது விளிம்பு. குட்டையானவருக்குத் தெரியும் உயரத்தில் ஏறக்குறைய கால்பங்கு. காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலையில் உடலும் கரையும் எதிரெதிர் நிறத்தில் நெய்யப்படுவதால் கண் அந்தக் கோட்டில் போய் நின்றுவிடுகிறது, ஆள் இரண்டாக வெட்டுப்படுகிறார். இரண்டு விரல் அகலக் கரை, அல்லது உடலின் நிறத்திலேயே அமைந்த கரை இந்த வெட்டைத் தவிர்க்கும். இது தெரிந்தும் குட்டையானவர்கள் பெரிய கரையையே எடுக்கிறார்கள். சின்னக் கரைச் சேலையைப் பார்க்கிறவர்கள் 'என்ன, வெல கம்மியா?' என்று கேட்பார்கள் என்ற அச்சம் காட்சிப்பிழையைவிட வலிமையானது.

துணிவகையில் வரும் தவறுகள் பெரும்பாலும் எதிர்த்திசைத் தவறுகள். ஒல்லியானவர் ஜார்ஜெட்டும் ஷிஃபானும் எடுப்பார். அவை ஒட்டிக்கொண்டு இருக்கும் எலும்பையும் எண்ணிக் காட்டும். பூசின உடம்புக்காரர் கஞ்சி போட்ட நூல் சேலை எடுப்பார். அது விறைத்து நின்று ஆளுக்கு வெளியே இன்னொரு ஆளை எழுப்பும். இருவரும் மாற்றிக்கொண்டால் ஊரில் பாதிப் பிரச்சினை தீரும். கஞ்சி தனி ஆய்வுக்கு உரியது. சோறு வடித்த கஞ்சியில் நீர் கலந்து, சேலையை முக்கிப் பிழிந்து, நிழலில் கரை பிடித்து இழுத்து உலர்த்தினால் காலை எட்டு மணிக்குச் சேலை ஒரு வடிவத்தில் நிற்கும். கரிசல் வெயிலில் பஸ்ஸுக்கு நின்று, நெரிசலில் ஏறி இறங்கிய பின் பதினொரு மணிக்கு அது வேறு வடிவம். எனவே நூல் சேலையின் பொருத்தத்தைச் சொல்லும்போது மணியையும் சேர்த்துச் சொல்வதே முறை.

அடுத்தது கொசுவக் கணக்கு. ஐந்தரை மீட்டர் என்றால் ஏறக்குறைய 216 அங்குலம். இதில் முந்திக்கு எண்பது போக, இடுப்பைச் சுற்றும் ஒன்றரைச் சுற்றுக்கும் கொசுவத்துக்கும் மீதி. ஐந்தங்குலக் கொசுவம் ஒன்று பத்தங்குலத் துணியைத் தின்னும். ஏழு கொசுவம் வைத்தால் எழுபது. இடுப்பு எட்டங்குலம் கூடினால் சுற்றுக்குப் பன்னிரண்டு அங்குலம் கூடுதலாகப் போய்விடும், ஒரு கொசுவம் குறையும். அகன்ற உடலுக்குக் குறைந்த கொசுவம், ஒடுங்கிய உடலுக்கு நிறைந்த கொசுவம் என்று சேலை தானாகவே நிரவிக்கொள்கிறது. பிறகு முந்தியைக் கணுக்கால் வரை தொங்கவிட ஆசைப்பட்டு இந்த நிரவலைக் கெடுப்பது மனிதர்கள்தான்.

முன்கொசுவமே சேலை கட்டும் முறை என்று எடுத்துக்கொண்டுதான் இதுவரையிலான விதிகள் சொல்லப்பட்டன. வரலாறு அதை ஏற்காது. தோளில் முந்தி போட்டு ரவிக்கை, உள்பாவாடையோடு கட்டும் நாகரிகப் பாணி, 1860-களில் பம்பாய் சென்று பார்சிப் பெண்களைப் பார்த்துவந்த வங்கத்து ஞானதானந்தினி தேவிக்குக் கடன்பட்டது. ரவிவர்மாவின் அச்சுப்படங்கள் சேலைக்கட்டுக்கு நாடெங்கும் ஒரு முகம் கொடுத்தன. பிரெஞ்சு மானுடவியலாளர் ஷாந்தால் பூலாஞ்சே 1997-இல் வெளியிட்ட நூலில் எண்பதுக்கு மேற்பட்ட கட்டுகளைப் பதிவு செய்திருக்கிறார், அவற்றில் தமிழகத்தின் பின்கொசுவமும் ஒன்று. பின்கொசுவத்தில் மிஞ்சிய துணி முதுகுப்புறம் போகிறது. வயிற்றின் மேல் ஏழு மடிப்பு ஏறுவதில்லை, உள்பாவாடை நாடா இறுக்குவதில்லை, எட்டுவைக்கக் காலுக்கும் இடம் கிடைக்கிறது. களை எடுக்கவும் மடியில் பருத்தி எடுத்துப் போடவும் தோதான கட்டு. வயிறு தெரியாமல் சேலை கட்டுவது எப்படி என்று பேத்தி இன்று கேட்கும் கேள்விக்குப் பாட்டி இடுப்பிலேயே பதில் செருகி வைத்திருந்தார். பேத்தி அதைக் கட்டமாட்டார்.

சேலையா, கட்டும் கையா என்ற அடிப்படைக் கேள்விக்குத் தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் ஒரு சோதனை நடக்கிறது. 1983-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் தொடங்கிய இலவச வேட்டி சேலைத் திட்டம் அது. நெட்டை, குட்டை, ஒல்லி, வாட்டசாட்டம் என்று ரேஷன் கடை பார்ப்பதில்லை. கட்டைப் பிரித்தால் கைக்கு வந்தது சேலை. ஒரே துணி, ஒரே கரை, உடல் மட்டும் வேறு: ஆய்வகத்தில் காசு கொடுத்தாலும் கிடைக்காத ஏற்பாடு. 2023 பொங்கலுக்கு 15 வகை வடிவமைப்பு கொடுத்துச் சோதனையின் தூய்மையைச் சற்றுக் கெடுத்தார்கள். தொட்டில், சன்னல் திரை, தலையணை உறை ஆகிய வடிவங்களில் சேலையைப் பயன்படுத்துவோரை மாதிரியிலிருந்து நீக்கிவிட்டு, உண்மையில் உடுத்துவோரை மட்டும் பார்த்தால் முடிவு தெளிவானது. ஒரே தெருவில் ஒரே சேலை ஒருவருக்குப் பட்டுபோல் படிந்தும் இன்னொருவருக்கு மூட்டைபோல் உருண்டும் இருக்கிறது. அவர்கள் உடல்வாகோ ஏறக்குறைய ஒன்று. முதலாமவர் கொசுவத்தைத் தொடைமேல் வைத்து நீவி, நாடாவைத் தொப்புளுக்குக் கீழே சமமாகக் கட்டியவர். இரண்டாமவர் அடுப்பில் பால் வைத்துவிட்டுக் கட்டியவர்.

இந்த முடிவு கடைக்குள் செல்லுபடியாகாது. கடையில் சேலையை முதலில் உடுத்துபவர் விற்பனையாளர். மீசையும் சட்டைப்பையில் பேனாவுமாக நிற்கும் அவர் நாலு விரலால் முந்தியை மடித்து, தோளில் போட்டு, இடுப்பில் கொசுவம் பிடித்துக் காட்டுகிறார். எந்த உடல் வகைப்பாட்டிலும் அடங்காத அந்தத் தொந்தியின் மேல் எடுப்பாகத் தெரிந்த சேலையைத்தான் எதிரே உட்கார்ந்திருக்கும் ஐந்து பேரும் ஒருமனதாகத் தேர்வு செய்கிறார்கள். கட்டப்போகிறவர் அந்த ஐவரில் கடைசியாக வாய் திறப்பவர். 'மதினி, ஒங்க நெறத்துக்கு இது தூக்கிக் கொடுக்கும்' என்று ஒருவர் சொல்ல, 'ஏட்டி, இதே மாதிரி ஒண்ணு பீரோல கெடக்கு' என்று பெரியவர் மறுக்க, குழு வெளிச்சம் பார்க்க வாசலுக்குப் போகிறது. குழல்விளக்கில் அரக்காக இருந்தது வெயிலில் மிளகாய்ச் சிவப்பாகிறது. இத்துறையில் குறைசொல்ல இடமில்லாத ஒரே சோதனை இதுதான். இருந்தாலும் அதன் முடிவை எவரும் ஏற்பதில்லை. உள்ளே திரும்பிவந்து முதலில் பார்த்ததையே எடுக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்தபின் செய்யவேண்டியவை மூன்று: ஃபால்ஸ் தைப்பது, முந்தி முடிவது, இடுப்பில் கூம்பாகத் தைத்த உள்பாவாடை ஒன்று வாங்குவது. மூன்றாவதைத்தான் யாரும் செய்வதில்லை. ஐயாயிரம் ரூபாய்ச் சேலையின் படிவு நூற்றைம்பது ரூபாய்ப் பாவாடையின் சுருக்கில் கெடுகிறது.

கடைசிக் கட்டம் கல்யாண மண்டபத்தில் நிகழும் மதிப்பீடு. 'ஒனக்கு நல்லாருக்கு' என்றால் தேர்வு வெற்றி. 'சேல நல்லாருக்கு' என்றால் சேலை மட்டும் தேறியது. 'கட்டியிருக்கது நல்லாருக்கு' என்பது அரிதாகக் கிடைக்கும் முதல் வகுப்பு. ஒன்றும் சொல்லாமல் முந்தியைப் பிடித்துத் தடவிப் பார்த்து, 'எங்க எடுத்த, எம்புட்டு?' என்று கேட்டால் வெற்றி தோல்வி இனிமேல்தான். விலையைச் சொன்னதும் அவர் 'அம்புட்டா?' என்றால் ஏமாந்ததாகவும், 'அம்புட்டுத்தானா?' என்றால் அவரும் அதே கடைக்குப் போவதாகவும் கொள்க.