உள்ளேன் ஐயா சொல்லாத பள்ளிக்கூடம்

வாத்தியார் பிள்ளை மக்கு என்பதற்கு ஸ்காட்லாந்தில் கிடைத்த அத்தாட்சி, ஏ. எஸ். நீல். பிறந்தது 1883இல். அப்பா கிராமப் பள்ளி வாத்தியார். மற்ற பிள்ளைகளையெல்லாம் பக்கத்து ஊர்ப் பெரிய பள்ளிக்கு அனுப்பியவர், இவனுக்குச் செலவழிப்பது தண்டம் என்று முடிவுகட்டி, 14 வயதில் எடின்பரோவில் கேஸ் மீட்டர் செய்யும் கம்பெனிக்குக் குமாஸ்தாவாக அனுப்பிவிட்டார். அது சரிப்படவில்லை. துணிக்கடையில் நின்றான், அதுவும் சரிப்படவில்லை. எதற்கும் லாயக்கில்லாத பையனை என்ன செய்வது? வாத்தியார் வேலையில் சேர்த்தார்கள், அப்பாவிடமே.

அங்கே ஆயுதம் பிரம்பு அல்ல, தோல் வார். நீல் வாங்கியும் பார்த்தார், கொடுத்தும் பார்த்தார். இரண்டிலும் யாருக்கும் அறிவு வளர்ந்த மாதிரித் தெரியவில்லை. பிற்பாடு பட்டமும் வாங்கி, உளவியல் மேதை பிராய்டையும் படித்துவிட்டு, 1921இல் ஜெர்மனியில் டிரெஸ்டன் பக்கம் ஒரு பள்ளி தொடங்கினார். லட்சியம் ரத்தினச் சுருக்கம்: இஷ்டமிருந்தால் வகுப்புக்கு வா, இல்லாவிட்டால் போய் விளையாடு.

ஜெர்மனியில் நிலைமை கெட்டதும் ஆஸ்திரியாவில் ஒரு மலை உச்சிக்கு மூட்டை கட்டினார். உச்சியில் ஒரு புண்ணியத் தலம். சுற்றிலும் பக்திமான்களான குடியானவர்கள். மத போதனை உண்டா என்று சர்க்கார் கேட்டது. இல்லை என்றார். மறுபடி மூட்டை. இங்கிலாந்தில் லைம் ரீஜிஸ் என்ற கடற்கரை ஊரில் கிடைத்த வீட்டின் பெயர்தான் சம்மர்ஹில். மாணவர்கள் ஐந்து பேர். 1927இல் சஃபோல்க்கில் உள்ள லெய்ஸ்டனுக்குக் குடிபெயர்ந்தபோது வீட்டை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்.

பள்ளியின் சட்டசபை வாராந்தரக் கூட்டம். எத்தனை மணிக்குப் படுக்கை, சைக்கிளை எங்கே ஓட்டலாம், அடுத்தவன் சாமானை உடைத்தால் என்ன அபராதம், எல்லாம் அங்கே வாக்கெடுப்பில் முடிவாகும். ஆறு வயசுப் பொடியனுக்கும் ஒரு ஓட்டு, நீலுக்கும் ஒரு ஓட்டு. பலமுறை நீலே தோற்றார். தலைமையாசிரியர் கொண்டுவந்த தீர்மானம் பொடியன்கள் கையால் மண்ணைக் கவ்வுவதைப் பார்க்கவாவது நான் அங்கே படித்திருக்கலாம்.

திருடும் பையனை நீல் கண்டிக்கமாட்டார். காசு கொடுத்து அனுப்புவார். அன்பு கிடைக்காததால் திருடுகிறான் என்பது அவர் கட்சி. ஜன்னல் கண்ணாடியை உடைக்கும் பையனைக் கண்டால் தானும் ஒரு கல்லை எடுப்பார். தலைமையாசிரியரே கூட்டாளியாகிவிட்டால் அப்புறம் அந்தத் தப்பில் என்ன ருசி இருக்கிறது?

வகுப்புப் பக்கமே தலைகாட்டாத சாதனை, நீல் எழுதி வைத்த கணக்குப்படி, மூன்று வருஷம். படைத்தவள் கன்னியாஸ்திரீகளிடம் படித்துவிட்டு வந்த பெண். பாவம், அவ்வளவு பாக்கி இருந்திருக்கிறது.

இரண்டாம் உலக யுத்த காலத்தில் பள்ளி வேல்ஸுக்குப் போக, லெய்ஸ்டன் கட்டிடத்தில் ராணுவம் குடியேறியது. பிள்ளைகள் இத்தனை காலம் செய்த சேதத்தைவிட, கட்டுப்பாட்டுக்குப் பேர்போன சிப்பாய்கள் ஐந்தே வருஷத்தில் செய்தது அதிகம் என்று நீல் புலம்பினார். 1960இல் பிள்ளைகள் 25 பேராகத் தேய்ந்து, பூட்டுப் போடும் நிலை. அந்த வருஷம் அமெரிக்காவில் வெளியான நீலின் ‘சம்மர்ஹில்’ புத்தகம் லட்சக்கணக்கில் விற்றது. படிக்கச் சொல்லாத பள்ளியைப் படிப்பு காப்பாற்றியது.

1973இல் நீல் காலமானார். மனைவி ஈனா நடத்தினார். 1985இல் மகள் ஸோயி பொறுப்பேற்றார். இன்ஸ்பெக்டர்கள் மட்டும் விடவில்லை. 1999இல் வந்து பார்த்தார்கள்: பிள்ளைகள் வகுப்புக்குப் போவதில்லை! எழுபது வருஷத்துக்கு மேலாகப் பள்ளியே தம்பட்டமடித்த சங்கதியைத் துப்பறிந்து கண்டுபிடித்துவிட்டார்கள். பையன்களுக்கும் பெண்களுக்கும் ஒரே கழிப்பறை என்பதும் சர்க்காரின் புகார்ப் பட்டியலில் ஏறியது. பள்ளி எதிர்த்து முறையிட, வழக்கு 2000 மார்ச்சில் லண்டன் நீதிமன்றத்துக்குப் போனது. கண்காணிக்க வேண்டிய பள்ளிகள் என்று சர்க்கார் வைத்திருந்த ரகசியப் பட்டியலும் அதில் சம்மர்ஹில் பெயரும் வெளியே வர, சில நாளிலேயே அரசுத் தரப்பு சமரசத்துக்கு இறங்கி வந்தது. ஸோயியும் வக்கீலும் ஒப்புக்கொண்டால் போதாதா? போதாது, பிள்ளைகள் ஓட்டுப் போட வேண்டும். நீதிமன்ற அறையிலேயே பள்ளிக்கூட்டம் கூடியது. விவாதித்தார்கள், கை தூக்கினார்கள், தீர்மானம் நிறைவேறியது. வாய்தா கேட்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை.