பங்கு பிரிக்கப் போற மருமவனுக்கு

வாலே மருமவனே. ஒரே எஸ்எஸ்டியில விண்டோஸும் வேணும், லினக்ஸும் வேணுமாக்கும்? தாத்தன் வச்சிட்டுப் போன நிலத்தையே பங்காளிக்குள்ள வம்பில்லாமப் பிரிக்கத் துப்பில்லாத வம்சம்லே நம்மளது. சரி, ஆசப்பட்டுட்ட. சொல்லுதேன், கேட்டுக்க.

பெட்டியில 512 ஜிபின்னு போட்டிருக்கான், விண்டோஸ் 476-ன்னு காட்டுதேன்னு கடைக்காரன் சட்டையப் பிடிக்கக் கிளம்பிராத. அவன் ஆயிரத்தால கணக்குப் பாக்கான், இவன் 1024-ஆல பாக்கான். சரக்கு ஒண்ணுதான்.

இப்ப அனுபவ பாத்தியத்துல இருக்கவன் விண்டோஸ். அவன் இடத்த அவன் கையாலயே விடச் சொல்லணும். டிஸ்க் மேனேஜ்மென்ட்டுக்குப் போயி, சி டிரைவுல ‘ஷ்ரிங்க் வால்யூம்’ குடு. எக்கச்சக்கமா காலி கெடந்தாலும் கொஞ்சந்தான் தருவேம்பான். பேஜ் ஃபைல், ஹைபர்னேஷன் ஃபைல்னு நகராத சாமான நட்டநடுவுல போட்டு வச்சிருப்பான்லா! ஹைபர்னேஷன அணைச்சிட்டுக் கேளு, இறங்கி வருவான். அதோட ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பும் செத்துரும். அது சாகத்தான் வேணும். ஷட் டவுன் குடுத்தாச்சு, ஆளு போயிட்டான்னு நீ நெனப்ப. அவன் பாதிய டிஸ்க்குல எழுதி வச்சிட்டு மறுபடி வரக் காத்திருப்பான். அந்த நேரத்துல லினக்ஸ் போயி சி டிரைவத் தொட்டா, ‘படிச்சுக்க, எழுதாத’ன்னுதான் பதில் வரும்.

பிட்லாக்கர் பூட்டு கெடக்கான்னும் பாரு. ‘நான் பூட்டவே இல்லையே மாமா’ம்ப. இப்ப வார லேப்டாப்பு பலதுல அதுவாவே பூட்டிக்கிடுது. மீட்புச் சாவி 48 இலக்கம். பேப்பர்ல எழுதி வையி. அதே லேப்டாப்புல நோட்பேடுல போட்டு வைக்கிற மேதாவி நீ, அதுக்குத்தான் சொல்லுதேன்.

விட்ட இடத்துல டி டிரைவ் கிடிரைவ்னு எதையும் நட்டுராத. அன்அலகேட்டட்னு தரிசாவே கெடக்கட்டும். லினக்ஸ் இன்ஸ்டாலர் வந்து, ‘டிஸ்க்க மொத்தமா அழிச்சிட்டுப் போடட்டா’ன்னு தேனொழுகக் கேக்கும். தலையாட்டிட்டேன்னா விண்டோஸுக்குக் கருமாதிதான். நீயே பிரிக்கிற வழியத் தேர்ந்தெடு. ரூட்டுக்கு ஒரு 50 ஜிபி, மிச்சம் ஹோமுக்கு, ரெண்டும் எக்ஸ்ட்4. ஈஎஃப்ஐன்னு 100 எம்பியில சின்னதா ஒரு துண்டு கெடக்கும். அது ரெண்டு பேருக்கும் பொதுப்பாதை. பூட் லோடர் அதுலதான் குடியிருக்கு. சேத்துக்க, ஃபார்மேட் மட்டும் பண்ணிராத.

எல்லாம் முடிஞ்சு விண்டோஸுக்குப் போனா, காலை பத்து மணிய நாலரைன்னு காட்டும். ‘பேட்டரி போச்சு மாமா’ன்னு ஓடி வராத. லினக்ஸ் உள்கடிகாரத்துல உலக நேரத்த வைக்கும், விண்டோஸ் அத உள்ளூர் நேரம்னு நம்பும். நடுவுல அஞ்சரை மணி நேரம் காணாமப் போவுது. லினக்ஸ உள்ளூர் நேரத்துலயே எழுதச் சொன்னா தீந்துரும். அலுவலகத்துக்குத் தாமதமாப் போறதுக்கு நீ வேற சாக்குத் தேடிக்க.

கடைசியா ஒண்ணு, இத முதல்ல செய்யணும். போட்டோ, சர்டிபிகேட் எல்லாத்தையும் வேற டிஸ்க்குல நகல் எடுத்து, அது திறக்குதான்னும் பாத்துட்டு வா. அதுக்குச் சோம்பல்னா, உனக்கு ஒத்த விண்டோஸே ஜாஸ்தி மருமவனே.