மாப்ள காருக்கு மார்கழி ஜன்னி

வாங்க மாப்ள. விடிஞ்சும் விடியாம போர்வையப் போத்திக்கிட்டு காரச் சுத்திச் சுத்தி வர்றீகளே, நம்ம பூம்பாறை குழந்தை வேலப்பரக்கூட நீங்க இம்புட்டு சுத்து சுத்துனதில்ல. சாவியத் திருகுனா 'டிக் டிக்'குனு பல்லி கத்துதாக்கும்? சகுனமெல்லாம் பாக்க வேணாம். பேட்டரி படுத்துருச்சு.

என்னது, எங்க ஊருக் குளிருதான் காரணமா? போடுங்க பழிய, அதுக்கென்ன திருப்பிப் பேச வாயா இருக்கு! மார்கழி தையில கோடைக்கானல் ஜிம்கானாப் பக்கம் புல்லு மேல உறைபனி பூக்கும், இல்லேங்கல. பூச்சியம் டிகிரிக்கு எறங்குனா பேட்டரியோட தெம்புல அஞ்சுல ஒரு பங்கு சுருங்கும். இஞ்சின் ஆயிலும் தேனாட்டம் கெட்டிப்பட்டுப் போயி, செல்ஃப் மோட்டார் முக்கி முனகணும். ஆனா கொன்னது குளிரில்ல மாப்ள, உங்க மதுர வெயிலு. உள்ள இருக்குற தகடு அரிக்கிறதும் தண்ணி வத்துறதும் சூட்டுலதான். அங்கன அரை உசுரா ஓடிக்கிட்டிருந்தது, இங்கன வந்து மண்டையப் போட்டுருச்சு. சாவு உங்க ஊர்ல, கருமாதிச் செலவு எங்க ஊர்ல!

அதுலயும் பாருங்க, நேத்து வத்தலக்குண்டுல இருந்து காட் ரோடு பூராம் ஏறித்தான வந்தீக? அம்புட்டு நேரம் இஞ்சின் ஓடுனா பேட்டரி வயிறு நெறைஞ்சிருக்கணும். நெறைஞ்ச வயிறு ஒரே ராத்திரியில காலின்னா, எங்கிட்டோ ஓட்டை.

கணக்குப் போடுவோம். உங்களுது 45 ஏ.எச். பேட்டரி. டிக்கி பல்பு 5 வாட்டு. அது பத்து மணி நேரம் அணையாம எரிஞ்சாலும் நாலு ஏ.எச்.தான் குடிக்கும். நல்ல பேட்டரி அதத் தொடச்சுப் போட்டுட்டு எந்திரிச்சிரும். ஒரே ராத்திரியில கவுந்திருக்குன்னா, ஒண்ணு, எம் பேத்தி பேச்சுல மயங்கி ஹெட்லைட்ட அணைக்காம எறங்கியிருக்கீக. இல்லேன்னா பேட்டரி கிழடு. அதுவும் இல்லேன்னா கிழடும், களவா கரண்டு குடிக்கிற திருடனும் ஒரே வீட்டுல குடியிருக்காக.

எதுன்னு பாக்க ஒரு சுளுவான வழி இருக்கு. பேட்டரிய முழுசா சார்ஜ் ஏத்தி, மைனஸ் ஒயரக் கழட்டிப் போட்டு ஒரு ராத்திரி விட்ருங்க. காலையில மீட்டர வச்சா 12.6 வோல்ட்டு கிட்ட நிக்குதா? பேட்டரி உத்தமன், திருடன் காருக்குள்ள. 12.2ன்னா பாதி போச்சு. 12க்கும் கீழன்னா அது தன்னத் தானே திங்கிற சீக்கு. புதுசு வாங்குங்க. பழசக் குடுத்தா விலையில கொஞ்சம் கழிப்பாக, உங்க மாமியாருக்குத் தெரியாம வாங்கிப் பையில போட்டுக்கங்க.

இஞ்சின் ஓடையில 13.8ல இருந்து 14.4 வரைக்கும் காட்டணும். காட்டலேன்னா பெல்ட்டு தளர்ந்திருக்கும், இல்ல டைனமோ போயிருக்கும். அந்த டைனமோவுலயே டையோடுன்னு ஒண்ணு இருக்கு. அது கெட்டுச்சுன்னா பகலெல்லாம் சம்பாதிச்சுக் குடுத்துட்டு ராத்திரி அதே காசை எடுத்துக் குடிச்சிரும். அந்த மாதிரி ஆளு நம்ம சொந்தத்துலயும் உண்டு, பேரு சொல்ல மாட்டேன்.

திருடனப் பிடிக்கிறது எப்படி? மைனஸ் ஒயரக் கழட்டி, ஒயருக்கும் பேட்டரிக்கும் நடுவுல மீட்டரக் கோர்த்து 10 ஆம்பியர்ல வைங்க. கதவப் பூட்டுங்க. சாவிய வீட்டுக்குள்ள கொண்டு போயி வச்சிட்டு அரை மணி நேரம் காப்பி குடிங்க. இந்தக் காலத்துக் காரு உடனே தூங்காது, புது மாப்ள மாதிரி முழிச்சே கெடக்கும். நடுவுல ஆசைப்பட்டு ஸ்டார்ட் பண்ணிராதீக, மீட்டர் புகைஞ்சிரும். தூங்குனப்புறம் 50 மில்லி ஆம்பியருக்குள்ள இருந்தா அது கடிகாரம், அலாரம் திங்கிற கூலி, குடுத்துத்தான் ஆகணும். அதுக்கு மேலன்னா ஃபியூஸ ஒண்ணொண்ணா உருவுங்க. எத உருவுனா முள்ளு சடார்னு எறங்குதோ, அந்த வீட்டுலதான் திருடன்.

என்னக் கேட்டா, சீட்டுக்கு அடியில வச்சிருக்கீகளே ஒரு பாட்டுப் பெட்டி, அத மொத உருவுவேன். அப்புறம் முன் கண்ணாடியில ஒட்டுன கேமரா. அப்புறம் சாமி படத்தச் சுத்தி மினுக்குற சீரியல் லைட்டு. கம்பெனிக்காரன் போட்டது எதுவும் உங்களத் திருடல மாப்ள. நீங்க காசு குடுத்து மாட்டுனதுதான் திருடுது.

டெர்மினல்ல பூத்திருக்கே பச்சையும் வெள்ளையுமா, அத சோடா உப்புத் தண்ணியில கழுவி, ஈரம் போகத் தொடச்சு, இறுக்கிப் பூட்டி, வாசலின் தடவுங்க.

இப்ப தள்ளி ஸ்டார்ட் பண்ணலாமாங்குறீகளா? கிளட்ச்சே இல்லாத காரத் தள்ளுனா கெளம்பாது, பொழுதுதான் போகும். கிளட்ச் இருந்தாலும் இந்த வளைவுல இஞ்சின் ஓடாம உருட்டுனா பிரேக்கும் ஸ்டியரிங்கும் கல்லாட்டம் நிக்கும். ஜம்பர் ஒயர் போடுறதுதான் மருவாதி. சிவப்பு உங்க பிளஸ்ல, மறுமுனை அந்த வண்டி பிளஸ்ல. கருப்பு அந்த வண்டி மைனஸ்ல. கடைசி முனைய உங்க பேட்டரியில வைக்காதீக, தள்ளி இஞ்சின் இரும்புல கவ்வ விடுங்க. பேட்டரி விடுற வாயு பொறி பட்டா வெடிக்கும்.

என் ஜீப்ப எதுக்கு அப்படி ஆசையாப் பாக்குறீக? அத எப்பவும் ஏன் இறக்கத்துலயே, சக்கரத்துக்குக் கல்லு வச்சு நிறுத்துறேன்னு நேத்துக் கேட்டீகளே. பழைய டீசல் வண்டி, பவர் பிரேக்கும் கெடையாது ஒரு மண்ணும் கெடையாது, கல்ல எடுத்தா உருண்டு, ரெண்டாங் கியர்ல பிடிச்சுக்கும். பகல்ல மட்டும்தான் ஓட்டுறது. அதோட பேட்டரி பூண்டுக் காட்டுக்குப் போயி நாலு வருசமாச்சு. காட்டுமாட்ட வெரட்ட லைட்டு எரியுது.

உக்காருங்க மாப்ள, பால் வண்டி எட்டு மணிக்கு வரும். கடுங்காப்பி போடச் சொல்றேன்.