காசுக்கும் ஒரு விரதம் (கேள்வி-பதில்)

கே: தேவையில்லாத எதையும் ஒரு மாதத்துக்கு வாங்குவதில்லை என்று முடிவெடுத்திருக்கிறேன். எந்த மாதத்தில் தொடங்கலாம்?
(வாசகி, வைலே)

நவம்பர் வேண்டாம். டென்மார்க்கில் முதல் வெள்ளி இரவு 8.59க்குத் துபோர்க்கின் கிறிஸ்மஸ் பியர் வரும், மாதக் கடைசியில் பிளாக் ஃப்ரைடே வரும், சில வருடம் நடுவில் தீபாவளியும் வரும். டிசம்பரைப் பற்றிப் பேச்சே வேண்டாம். ஜனவரியில் கடைக்காரர் மிச்சத்தைத் தள்ளிவிடப் பார்ப்பார். அதே மாதம்தான் சின்னப் பிள்ளைகளுக்காக அரசு தரும் மூன்று மாதக் காசும் வங்கியில் விழும். பெப்ரவரிதான் உத்தமம். 28 நாள். கேதாரகௌரி விரதம் 21 நாள் பிடிக்கிற வீட்டுக்கு இன்னும் ஏழு நாள் ஒரு பாரமா? ஒன்று மட்டும்: சம்பளம் விழுகிற அன்றைக்கே தொடங்குங்கள். காசு முடிந்த பிறகு சிக்கனம் பிடிக்க எல்லாராலும் முடியும்.

கே: எனக்கு மனக்கட்டுப்பாடு கொஞ்சமும் இல்லை. இது எனக்குச் சரிவருமா?
(வாசகர், ஓகூஸ்)

மனத்தை விடுங்கள் அண்ணை, கையைப் பார்ப்போம். 1983இல் டான்கோர்ட் என்ற வங்கி அட்டை வந்தது. 2013 மே மாதம் டான்ஸ்க வங்கி, கைத்தொலைபேசியில் காசு அனுப்பும் மொபைல்பேயை இறக்கியது. இப்போது கிராமத்து வீதியோரம் ஆளில்லாமல் உருளைக்கிழங்கு விற்கும் பெட்டியிலும் ஒரு மொபைல்பே எண் ஒட்டியிருக்கிறது. காசு போவது கண்ணுக்குத் தெரிவதில்லை, அதனால் நோவதுமில்லை. ஊரில் கொப்பியில் எழுதிக் கடனுக்கு வாங்கிய காலத்திலாவது கடை முதலாளியின் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது.

ஆகவே கைக்கும் காசுக்கும் நடுவில் மறுபடியும் ஒரு வேலி போடுங்கள். இணையக் கடைகளில் சேமித்து வைத்திருக்கும் அட்டை எண்ணை அழியுங்கள். 'சலுகை' என்று தொடங்கும் மின்னஞ்சல்களை நிறுத்துங்கள். தபால் பெட்டியில் 'விளம்பரம் வேண்டாம்' ஸ்டிக்கரை ஒட்டுங்கள். வேண்டும் என்று தோன்றியதை ஒரு தாளில் எழுதி, இரண்டு நாள் கழித்து வாசியுங்கள்.

அந்த இரண்டு நாள் என் கண்டுபிடிப்பு இல்லை. கைத்தொலைபேசியிலேயே எடுக்கிற குறுங்கால அவசரக் கடன்களுக்கு 48 மணிநேரம் யோசிக்கக் கொடுக்க வேண்டும் என்று 2017 ஜூலை 1 முதல் டென்மார்க்கில் சட்டம் இருக்கிறது. சூதாடுபவர்களுக்கு 2012 முதல் 'ரோஃபுஸ்' என்ற பதிவேடு. அதில் நீங்களே உங்கள் பெயரைப் பதிந்தால் ஒரு நாளோ, ஒரு மாதமோ, நிரந்தரமாகவோ உரிமம் பெற்ற இணையச் சூதாட்டத் தளங்கள் உங்களை உள்ளே விடாது. வளர்ந்த மனிதரின் மனக்கட்டுப்பாட்டைப் பாராளுமன்றமே நம்பவில்லை. நீங்கள் ஏன் நம்பிக் கஷ்டப்படுகிறீர்கள்?

கே: அட்டையை வீட்டில் வைத்துவிட்டு, கிழமைக்கு இவ்வளவு என்று தாள்காசாக எடுத்துப் போகலாமா?
(வாசகி, ஓடென்ஸ)

தாராளமாக. விற்பனையாளர் நிற்கிற கடைகள் பகலில் தாள்காசை வாங்கியே ஆகவேண்டும். முகம் சுளித்தால் சுளிக்கட்டும். ஆனால் அம்மா அலுமாரியில் சேலைக்குக் கீழே ஒளித்து வைத்த 1000 குரோனர் தாளை மட்டும் கொண்டுபோகாதீர்கள். 2025 மே 31ஓடு அது செல்லாக்காசாகிவிட்டது.

கே: நான் வாங்குவது தேவை, மனைவி வாங்குவது ஆடம்பரம். எப்படி விளங்கப்படுத்துவது?
(வாசகர், கிரின்ட்ஸ்டெட்)

இதே கேள்வியை உங்கள் மனைவியும் அனுப்பியிருக்கிறார்.

கே: மக்கள் செலவைக் குறைக்கவேண்டும் என்று டென்மார்க் அரசே இறங்கியதுண்டா?
(மாணவி, கோபன்ஹேகன்)

நல்ல கேள்வி தங்கச்சி. 1986 ஒக்டோபரில் பிரதமர் பௌல் ஸ்லூட்டரின் அரசு கொண்டுவந்த திட்டத்தை டேனியர் இன்றும் 'உருளைக்கிழங்கு வைத்தியம்' என்பார்கள். பள்ளிகளுக்கு 'உருளைக்கிழங்கு விடுமுறை' விடுகிற காலத்தில் வந்ததால் அந்தப் பெயர். நாடு உழைப்பதைவிட அதிகமாக வாங்கித் தள்ளியது, வெளிநாட்டுக் கடன் ஏறிக்கொண்டே போனது. அரசு என்ன செய்தது? கடனுக்குச் சாமான் வாங்குபவர்கள் கட்டும் வட்டிமேல் 20 வீத வரியைப் போட்டது. வாங்காதே என்று ஒருவரையும் தடுக்கவில்லை. கடனுக்கு வாங்குவதை நோகச் செய்தது, அவ்வளவுதான்.

வைத்தியம் பலித்ததா? 1990இல் நாட்டின் வெளிக்கணக்கு பல வருடங்களுக்குப் பிறகு மிச்சத்துக்கு வந்தது. ஆனால் நடுவில் வீட்டு விலை சரிந்து, எத்தனையோ குடும்பங்கள் வீட்டை ஏலத்தில் இழந்தன. என் தீர்ப்பு: மருந்து சரி, அளவு பிழை.

இதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. அந்த ஸ்லூட்டர் அரசைக் கடைசியில் 1993 ஜனவரியில் கவிழ்த்தது 'தமிழர் வழக்கு'. இலங்கையில் இருந்து நம் குடும்பங்கள் வந்து சேர்வதை நீதியமைச்சர் எரிக் நின்-ஹான்சன் சட்டத்துக்கு மாறாகத் தடுத்துவைத்த விவகாரம் அது. சோபாவும் காரும் வாங்க முடியாமல் போன டேனியரால் அசைக்க முடியாத பிரதமரை நம்மவர்களின் விண்ணப்பங்கள் அசைத்தன.

பிறகு 2020 வந்தது. கொரோனாவில் கடைகள் வெறிச்சோட, அதே நாடு தொழிலாளருக்கு முடக்கி வைத்திருந்த விடுமுறைக் காசை விடுவித்து, எடுத்துச் செலவழியுங்கள் என்றது. ஆகவே அரசைப் பார்த்துச் சிக்கனம் பிடிக்காதீர்கள். அது காலத்துக்கேற்ப மாற்றிப் பேசும்.

கே: பத்து, இருபது குரோனர்ச் சாமான்களும் கணக்கில் வருமா? ஃப்ளையிங் டைகருக்குப் போனால் கை சும்மா இருக்காது.
(வாசகி, ஸ்ட்ரூவர்)

வரும். அந்தக் கடை 1995இல் கோபன்ஹேகனில் தொடங்கி உலகம் முழுக்கப் பரவியது ஆயிரம் குரோனர்ச் சாமான் விற்று இல்லை.

கே: பிள்ளைகள் கடையில் இனிப்புக்கு அழுகிறார்கள். அவர்களையும் இந்த விரதத்தில் சேர்க்கலாமா?
(இளம் தாய், ஹோல்ஸ்டெப்ரோ)

சேர்க்கத் தேவையில்லை, டேனியர் ஏற்கெனவே சேர்த்துவிட்டார்கள். பக்கத்து வீட்டில் கேட்டுப் பாருங்கள்: இனிப்புக்குக் கிழமையில் ஒரு நாள், வெள்ளியோ சனியோ. அன்றைக்குப் பிள்ளை கடதாசிப் பையில் தானே அள்ளித் தெரிந்தெடுக்கும். மற்ற நாளில் கேட்டால் 'சனிக்கிழமை' என்று ஒரு சொல். அழுகை குறைகிறது, காரணம் பதில் 'இல்லை' இல்லை, 'பிறகு'. எனக்கு இந்த நாட்டு வழக்கங்களில் மிகவும் பிடித்தது இது. பிள்ளைக்குச் சரிவருவது உங்களுக்கும் சரிவரும்: இணையக் கடையைச் சனிக்கிழமை மட்டும் திறவுங்கள்.

கே: தோழிகள் எல்லார் வீட்டிலும் அந்தக் கோடு போட்ட பூச்சாடி இருக்கிறது. நானும் ஆசைப்படுவது தப்பா?
(வாசகி, ஹேர்னிங்)

ஆசை தப்பில்லை அக்கா, அவசரம்தான். 1839இல் நெஸ்ட்வெட் நகரில் தொடங்கிய கேலர் நிறுவனம், தன் 175ஆவது ஆண்டுக்காக 2014இல் செப்பு நிறக் கோடு போட்ட 'ஒமாஜியோ' பூச்சாடியை அளவாகச் செய்து விற்பனைக்கு விட்டது. சனம் முண்டியடித்ததில் இணையக் கடை படுத்துவிட்டது. கிடைத்தவர்களில் சிலர் உடனேயே அதைப் பழைய சாமான் விற்கும் தளங்களில் பல மடங்கு விலைக்குப் போட்டார்கள். அமைதிக்கும் அடக்கத்துக்கும் பெயரெடுத்த டேனியர் ஒரு சாடிக்கு அடிபட்டதை நாடே பல நாள் பேசிச் சிரித்தது. பூவுக்காக வாங்கியவர்கள் எத்தனை பேர், மற்றவள் வாங்குமுன் வாங்கவேண்டும் என்று வாங்கியவர்கள் எத்தனை பேர்? வேறு நிறக் கோடு போட்டவை இப்போது பழைய சாமான் கடைகளிலேயே கண்ணில் படும். பொறுங்கள்.

கே: பழைய சாமான் கடையில் வாங்கினால் பாவமில்லைதானே?
(அதே ஹேர்னிங், வேறு வாசகி)

பூமிக்குப் புண்ணியம். தேவையில்லாததை அரை விலைக்கு வாங்கினால் பொக்கற்றுக்கு அரைப் பாவம்.

கே: மிச்சம் பிடிக்கத்தான் ஜெர்மன் எல்லைக் கடைக்குப் போகிறோம். இதுவும் சேருமா?
(வாசகர், ஹேர்னிங்)

ஹேர்னிங்கில் இருந்து எல்லைக்குப் போய்வரச் சுமார் 300 கிலோமீற்றர். பியர்ப் பேணியிலும் சொக்லேட்டிலும் மிஞ்சுவது உண்மை. கார்ப் பெட்டி நிறைய வேண்டுமே என்று ஏற்றுகிற மற்றச் சாமான் அதை விழுங்குவதும் உண்மை. பட்டியலோடு போய்ப் பட்டியலோடு வந்தால் சேராது. இதுவரை அப்படி வந்தவர்கள் எழுதவும்.

கே: பிரண்டே கோயிலுக்குப் போய்வந்தாலே காசு கரைகிறது. அர்ச்சனையும் செலவா?
(பக்தை, இகாஸ்ட்)

பிரண்டேயில் அபிராமி அம்மன் கோயிலும் இருக்கிறது, வேரோ மோடா, ஜாக் அன்ட் ஜோன்ஸ் உடுப்புகளை விற்கும் பெஸ்ட்செல்லரின் தலைமையகமும் இருக்கிறது. ஆசையை விடச் சொல்லும் இடமும் ஆசையைத் தைத்து விற்கும் இடமும் ஒரே ஊரில். அர்ச்சனை சேராது. திருவிழாக் கடையில் எடுக்கிற சேலை சேரும்.

கே: மகளின் சாமத்திய வீடு வருகிறது. இதில் எங்கே சிக்கனம் பிடிப்பது? சனம் என்ன சொல்லும்?
(தகப்பன், வைலே)

சாமத்திய வீட்டைத் திடீர்ச் செலவு என்று சொன்னால் அநியாயம். மண்டபம் ஒரு வருடத்துக்கு முன்பே, வீடியோக்காரர் வேறு நாட்டில் இருந்து. எல்லாம் திட்டம் போட்டுத்தான். ஆளை விழுத்துவது கடைசி இரண்டு கிழமை. இன்னொரு கூறைச்சேலை, மேடைக்கு இன்னும் கொஞ்சம் பூ, 'அவையின்ர வீட்டில இருந்தது' என்று ஒரு குதிரை வண்டி. அந்த இரண்டு கிழமைக்கு முன்பே பட்டியலைப் பூட்டிவிடுங்கள். பிறகு மச்சான் சொன்னாலும் திறக்காதீர்கள்.

டேனியர் இதில் ஞானிகள் என்று நினைக்கவேண்டாம். அவர்கள் பிள்ளைகளின் கொன்ஃபர்மேஷன் என்ற தேவாலயச் சடங்கும் பெரும் கொண்டாட்டம்தான். அடுத்த திங்களுக்கு 'நீலத் திங்கள்' என்று பெயர். பிள்ளைகள் பள்ளியை விட்டுக் கூட்டமாக நகரத்துக்குப் போய், பரிசாக வந்த காசில் கடை கடையாக ஏறி இறங்குவார்கள். ஒரு வித்தியாசம்: அங்கே காசைச் செலவழிப்பது பிள்ளை. நம் வீட்டில் விழா பிள்ளைக்கு, விருந்து சனத்துக்கு, வந்த காசு மண்டபத்துக்கு. மகளுக்கு என்ன விருப்பம் என்று ஒருதரம் கேட்டுப் பாருங்கள். பாதி மண்டபம் மிஞ்சலாம்.

கே: சீட்டுப் பிடித்து வாங்கினால்?
(வாசகர், ஓடென்ஸ)

கடைசியில் எடுப்பவர் சேமிக்கிறார், முதலில் எடுப்பவர் கடன்படுகிறார். நீங்கள் எத்தனையாவது?

கே: ஏற்கெனவே வாங்கிவிட்டேன். இப்போது மனம் மாறிவிட்டது.
(வாசகி, கோபன்ஹேகன்)

இணையத்தில் வாங்கினீர்களா? கையில் கிடைத்த நாளில் இருந்து 14 நாளுக்குள், வேண்டாம் என்று கடைக்கு எழுதிச் சொல்லுங்கள். பொதியை எடுக்காமல் விட்டால் போதும் என்று நினைப்பது பிழை, சொல்லித்தான் ஆகவேண்டும். நேரில் கடைக்குப் போய் வாங்கியிருந்தால் சட்டத்தில் அந்த உரிமை இல்லை. திருப்பி எடுப்பது அந்தக் கடையின் விருப்பம். துண்டின் அடியில் பொடி எழுத்தில் எழுதியிருக்கும், வாங்குமுன் வாசியுங்கள்.

கே: மாத முடிவில் மிஞ்சும் காசை என்ன செய்வது?
(பெயர் வேண்டாம் என்றவர்)

கடன் இருந்தால் முதலில் அதற்கு, அதுவும் வட்டி கூடியதற்கு. அவசரக் கடன்களுக்கு 2020 ஜூலை முதல் வருடச் செலவு 35 வீதத்தைத் தாண்டக்கூடாது என்று உச்சவரம்பு இருக்கிறது, 35உம் கொள்ளைதான். கட்டாமல் விட்டு, கடன் கட்டாதவர்களின் ஆர்.கே.ஐ. பதிவேட்டில் பெயர் ஏறினால் ஐந்து வருடம் வரை அங்கேயே கிடக்கும். கைத்தொலைபேசிச் சந்தா எடுக்கப் போனாலும் கையை விரிப்பார்கள். கடன் இல்லையென்றால் வங்கியில் கேட்டு ஒரு 'புட்ஜெட்கொன்டோ' திறவுங்கள். வாடகை, மின்சாரம், காப்புறுதி எல்லாவற்றையும் வருடத்துக்குக் கூட்டிப் பன்னிரண்டால் பிரித்து, சம்பளம் விழுந்த அன்றே அதற்குள் தள்ளிவிட வேண்டும். மற்றக் கணக்கில் கிடப்பதுதான் உண்மையில் உங்கள் காசு. பலருக்கு அதைப் பார்த்த அன்றே பாதி ஆசை அடங்கிவிடும்.

கடன் கழுத்துவரை வந்துவிட்டது என்றால் வெட்கப்படாமல் ஃபோர்புரூயர்ரோடெட் தெங்க் என்ற நுகர்வோர் அமைப்பின் கடன் ஆலோசகர்களிடம் போங்கள். இலவசம். போகும்போது எல்லாக் கடிதங்களையும் கொண்டுபோங்கள், ஈ-பொக்ஸ் மின் தபால் பெட்டியில் திறக்காமலே விட்டு வைத்திருக்கிறீர்களே, அவற்றையும் சேர்த்து.