மீசை எஞ்சும்: முந்நிறப் பனியன் குறித்த ஓர் உரை

இஃது என் நுதலிற்றோ எனின், குடும்பப் புகைப்படத்தை மூன்றே நிறத்தில் பனியனில் ஏற்றுங்கால் யார் எஞ்சுவர், யார் கரைவர் என்பது உணர்த்துதல் நுதலிற்று.

ஆய்வுக்குக் கொண்டது தாத்தாவின் எண்பதாம் கல்யாணப் படம். பதினோரு தலைகள். அச்சிட்ட ஊர் திருப்பூர். பட்டறையின் பெயர் ஆய்வறம் கருதி மறைக்கப்பட்டது.

அற்றேல், படத்திலுள்ள நிறமெல்லாம் வந்தாலென்ன எனின், “ஒரு கலருக்கு ஒரு ஸ்கிரீனுங்க” என்றார் பட்டறைக்காரர். அதாவது நிறந்தோறும் ஒரு பிலிம், ஒரு சட்டம், ஒரு இழுப்பு. இருபது பனியனுக்கு மூன்றுக்கு மேல் கட்டுபடியாகாது. கறுப்புப் பனியன் கேட்டார் பெரியப்பா. அதற்கு அடியில் வெள்ளை பூசவேண்டும், அதுவும் ஒரு கலர்க் கணக்கே. “வெள்ளையும் ஒரு கலரா?” என்ற பெரியப்பாவின் தத்துவ வினாவுக்குக் கொட்டேஷனில் விடை வந்தது. எனவே வெள்ளைப் பனியனே துணிபு. துணியின் வெள்ளை இனாம்.

இனாமில்தான் வினை. கணினி 256 சாம்பல் படிகளைச் சிலவாகச் சுருக்கும்போது, ஃபிளாஷ் வெளிச்சம் பட்ட கன்னமெல்லாம் துணியாகிவிடுகிறது. எஞ்சுவன கறுப்பில் மீசை, காப்பித்தூள் நிறத்தில் மூக்கு நிழல், அரக்கில் பொட்டு. அரக்கு அத்தைமார் பொட்டுக்காகத் தேர்ந்தது. மாமாவின் வெற்றிலை வாயும் அதில் சேர்ந்துகொண்டது.

புள்ளிகளாக உடைத்தால் நடுச்சாயல் கிட்டாதோ எனின், கிட்டும். ஹாஃப்டோன் என்ப. தூரத்தில் கன்னம், கிட்டே வந்தால் அம்மைத் தழும்பு. புள்ளி வரிசையும் ஸ்கிரீன் துணியின் இழையும் கோணம் ஒவ்வாமல் முட்டினால் மொய்ரே என்னும் அலைவரி வேறு விழும். மாதிரி அச்சில் அது பாட்டியின் நெற்றியில் விழுந்தது. “எனக்கு மட்டும் ஏண்டா சுருக்கம் கூட்டி வெச்சிருக்கே?” அன்றோடு ஹாஃப்டோன் கைவிடப்பட்டது.

முன்னோர் மரபும் மீசைக் கொள்கைக்கே அரண். 1960 மார்ச் 5 அன்று ஹவானாவில் ஆல்பர்டோ கோர்டா எடுத்த சே குவேராவின் படத்தில், ஒருபுறம் இன்னொருவர் முகமும் மறுபுறம் ஓலையும் இருந்தன; இரண்டும் நறுக்கப்பட்டன. 1968இல் ஜிம் ஃபிட்ஸ்பேட்ரிக் அதைக் கறுப்பு சிவப்புச் சுவரொட்டியாக்கியபோது நின்றவை தாடி, முடி, தொப்பி. மழித்த முகமாக இருந்திருந்தால் இத்தனை பனியன் ஏறியிருப்பாரா என்பது என் ஐயம்.

அற்றேல், 1962இல் ஆண்டி வார்ஹால் ஸ்கிரீனில் இழுத்த மர்லின் மன்றோவுக்கு மீசை ஏது எனின், உதட்டுச்சாயமும் இமைப்பூச்சும் அவ்வேலையைச் செய்தன. ஈண்டு மீசை என்றது உபலக்கணம்.

இனி முடிபு. பதினொருவருள் பத்துப் பேர் அடையாளம் தெரிந்தனர். மீசையும் பொட்டும் கண்ணாடியும் இல்லாத சித்தப்பா மட்டும் ஒரு சட்டைக் காலராக எஞ்சினார்; அதற்கு மேல் வெறும் பனியன். பனியன் வந்ததும் அதைப் போட்டுக்கொண்டு, “இது நாந்தான்” என்று எல்லோரிடமும் காலரைத் தொட்டுக் காட்டினார். தை மாதம் அத்தை மகள் கல்யாணம். அதற்கும் பனியன் உண்டு. சித்தப்பா மீசை விட்டிருக்கிறார்.