டோபி காட்டில் பெயர் வெளுக்கப்படும்

தேக்கா சந்தையிலிருந்து சிலிகி ரோடு வழியாகத் தெற்கே நடந்தால் சற்று நேரத்தில் டோபி காட் வந்துவிடும். நம் வண்ணார்கள் ஓடையில் துணி துவைத்த இடம். ஓடையை மூடிச் சாலை போட்டாயிற்று. வண்ணார்களும் போய்விட்டார்கள். தொழில் மட்டும் போகவில்லை. இப்போது அங்கே வெளுப்பது ஆட்களின் பெயர்களை. அரசாங்கங்கள் மூட்டை கட்டிக்கொண்டு வரும். கறை ரத்தமாக இருந்தாலும் கவலையில்லை. கூலி கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

ஆர்ச்சர்ட் ரோட்டின் தொடக்கத்தில் செங்கல் சுவரோடு நிற்கிறதே மெக்டொனால்ட் ஹவுஸ், அதிலிருந்து வந்த மூட்டை பெரியது. 1965 மார்ச் 10, பிற்பகல் 3.07 மணி. இந்தோனேசியக் கடற்படையைச் சேர்ந்த உஸ்மான், ஹாருன் என்ற இருவர் சாதாரண உடையில் வந்து ஒரு பையை வைத்துவிட்டுப் போனார்கள். கட்டடத்தில் இருந்தது ராணுவ முகாம் அல்ல, வங்கி. செத்தவர்கள் மூன்று பேர்: வங்கியில் வேலை பார்த்த இரண்டு பெண்கள், ஓர் ஓட்டுநர். காயம்பட்டவர்கள் 33 பேர். தப்பி ஓடிய படகு நடுவழியில் பழுதாகி இருவரும் மாட்டிக்கொண்டார்கள். நாங்கள் போர்க்கைதிகள், எங்களைத் தூக்கில் போடக்கூடாது என்று வாதாடினார்கள். சீருடையைக் கழற்றிப் போட்டுவிட்டு வங்கியில் குண்டு வைத்தவனுக்கு அந்தச் சலுகை கிடையாது என்று லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் சொல்லிவிட்டது. இந்தோனேசிய அதிபர் சுகார்த்தோ கருணை கேட்டார். சிங்கப்பூர் மறுத்தது. 1968 அக்டோபர் 17, சாங்கி சிறையில் தூக்கு.

இங்கே கயிற்றிலிருந்து இறக்கிய உடல்கள் ஜகார்த்தா போய்ச் சேர்ந்தபோது தேசிய வீரர்களாகிவிட்டன. காலிபாத்தா வீரர் மயானத்தில் மரியாதையோடு அடக்கம். கொதித்த கூட்டம் சிங்கப்பூர்த் தூதரகத்தைச் சூறையாடியது. ஐந்து வருஷம் ஓடியது. 1973இல் பிரதமர் லீ குவான் யூ ஜகார்த்தா போய், தன் அரசாங்கம் தூக்கிலிட்ட அதே இருவரின் கல்லறையில் பூத் தூவிவிட்டு வந்தார். உறவு சீரடைந்தது, வணிகம் செழித்தது. நாட்டை நடத்த அந்தப் பூ தேவைப்பட்டிருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் வேலைக்குப் போய் வீடு திரும்பாத மூன்று பேரின் குடும்பத்திடம் அனுமதி கேட்டுவிட்டா தூவினார்கள்?

கதை அதோடு முடிந்ததென்று எல்லோரும் நினைத்திருந்தபோது, 2014 பிப்ரவரியில் இந்தோனேசியா ஒரு போர்க்கப்பலுக்கு ‘உஸ்மான் ஹாருன்’ என்று பெயர் சூட்டப்போவது தெரியவந்தது. வேடிக்கையைக் கேளுங்கள்: கப்பலைக் கட்டியது பிரிட்டன். முதலில் புருணைக்காகக் கட்டியது, புருணை வேண்டாமென்றது, இந்தோனேசியா வாங்கிக்கொண்டது. எந்தப் பிரிட்டனின் பிரிவி கவுன்சில் அந்த இருவரையும் கொலைகாரர்கள் என்றதோ, அதே பிரிட்டனின் இரும்பில் அவர்கள் பெயர் மிதக்கிறது. நம் வெளியுறவு அமைச்சர் கா. சண்முகம் ஜகார்த்தாவைத் தொலைபேசியில் அழைத்துக் கவலை தெரிவித்தார். தற்காப்பு அமைச்சர் இங் எங் ஹென், அந்தக் கப்பல் நம் துறைமுகத்துக்குள் நுழைய முடியாது என்று நாடாளுமன்றத்தில் அறிவித்தார். எங்கள் வீரருக்கு நாங்கள் பெயர் வைக்க யாரைக் கேட்க வேண்டும் என்றது ஜகார்த்தா. போதாக்குறைக்கு மார்ச் மாதம் அங்கே நடந்த தற்காப்புக் கூட்டத்தில் இரண்டு பேருக்கு உஸ்மான், ஹாருன் வேடம் கட்டி நிற்க வைத்திருந்தார்கள். கொலைக்கு மாறுவேடப் போட்டி! சிங்கப்பூர்க் குழு கூட்டத்தைப் புறக்கணித்தது. அப்புறம் இந்தோனேசிய ராணுவத் தளபதி மூல்டோக்கோ சிங்கப்பூர்த் தொலைக்காட்சியில் மன்னிப்புக் கேட்டார். ஊரில் சத்தம் எழுந்ததும், பெயரை மாற்ற முடியாததற்குத்தான் மன்னிப்பு, பெயர் வைத்ததற்கு அல்ல என்று விளக்கினார். கப்பல் அதே பெயரோடுதான் ஓடுகிறது.

ஜகார்த்தாவுக்கு இது பழக்கம்தான். 2001 டிசம்பரில் சிங்கப்பூர் ஜெமா இஸ்லாமியா பயங்கரவாதக் குழுவின் ஆட்களைப் பிடித்து உள்ளே போட்டது. அவர்கள் குறிவைத்தவற்றில் ஈசூன் எம்ஆர்டி நிலையமும் ஒன்று. தலைகள் இந்தோனேசியாவில் சுதந்திரமாக உலவுகின்றன என்று 2002 பிப்ரவரியில் லீ குவான் யூ சொன்னதும் அங்கே தேசிய அவமானம் பொங்கி எழுந்தது. தூதரக வாசலில் ஆர்ப்பாட்டம். அக்டோபர் 12 அன்று பாலியில் குண்டு வெடித்தது. 202 பேர் இறந்தார்கள். 13 நாளில் ஜெமா இஸ்லாமியா ஐ.நா. பட்டியலில் ஏறியது. அண்டை வீட்டான் சொன்னால் பொய், 202 பிணங்கள் சொன்னால் உண்மை.

இதுவரை படித்து, “இந்தோனேசியாக்காரனுக்கு வெட்கமே இல்லையா அண்ணே?” என்று சிராங்கூன் ரோட்டில் தே தாரிக் உறிஞ்சிக்கொண்டு கேட்கும் நம் ஆட்களுக்கு ஒரு வார்த்தை. கொஞ்சம் நம் மூட்டையையும் அவிழ்ப்போம், தம்பி.

1983க்குப் பிறகு தமிழ் இளைஞர்களை வரவழைத்து ஆயுதப் பயிற்சி கொடுத்தது இந்தியா. அப்போது அவர்கள் ‘பையன்கள்’. ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட மறு வருஷம், 1992 மே மாதம், விடுதலைப் புலிகள் தடைசெய்யப்பட்ட பயங்கரவாத இயக்கம். இலங்கை இன்னும் ஒரு படி மேல். இந்திய அமைதிப் படையை விரட்ட அதிபர் பிரேமதாச புலிகளுக்கே துப்பாக்கி கொடுத்தார். 1998இல் தடை. 2002 செப்டம்பரில், பேச்சுவார்த்தை மேசையில் எதிரே உட்கார வேண்டுமே என்று தடை நீக்கம். 2009 ஜனவரியில், போரில் வெற்றி கைக்கெட்டிய நேரத்தில், மறுபடி தடை. அதே வருஷம் மார்ச் மாதம், கிழக்கில் புலிகளின் தளபதியாக இருந்த கருணா அமைச்சரானார். துறை என்ன தெரியுமா? தேசிய ஒருமைப்பாடு! அவரையே 2025இல் பிரிட்டன் மனித உரிமை மீறலுக்காகத் தடைப் பட்டியலில் சேர்த்தது. ஒரே ஆள், பயங்கரவாதி, அமைச்சர், மறுபடி குற்றவாளி. இவர் சட்டையை எத்தனை முறைதான் துவைப்பார்கள்?

ஐரோப்பிய ஒன்றியம் புலிகளுக்குத் தடைபோட்ட நேரத்தைப் பாருங்கள். 2006 மே மாதம், போர்நிறுத்தம் நூலில் தொங்கிக்கொண்டிருந்தபோது. கண்காணிப்புக் குழுவில் இருந்த ஐந்து நார்டிக் நாடுகளில் சுவீடன், டென்மார்க், பின்லாந்து மூன்றும் ஐரோப்பிய ஒன்றிய உறுப்பினர்கள். எங்களைப் பயங்கரவாதி என்றவன் எப்படி நடுவன் ஆவான் என்று புலிகள் அவர்களை வெளியேறச் சொன்னார்கள். அவர்களும் போனார்கள். சாட்சிகள் கிளம்பினார்கள், பீரங்கிகள் வந்தன. 2014இல் லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் இந்தத் தடையைப் பிரித்துப் பார்த்தது. ஆதாரமாகக் காட்டப்பட்டவற்றில் பத்திரிகைச் செய்தியும் இணையத் தகவலும் இருந்தன. செல்லாது என்று தீர்ப்பளித்தது. 2017இல் மேல்முறையீட்டிலும் அதே முடிவு. தடை போனதா? புதிதாக எழுதி, பழைய இடத்திலேயே வைத்துக்கொண்டார்கள்.

பாலத்துக்கு அப்பால் மலேசியாவில், இலங்கைப் போர் முள்ளிவாய்க்காலில் முடிந்து பத்து வருஷம் கழித்து, 2019 அக்டோபரில் 12 பேரைப் புலி ஆதரவுக்காகப் பிடித்தார்கள். சிலரது கைப்பேசியில் புலித் தலைவர் பிரபாகரன் படம் இருந்ததாம். படம் வைத்திருந்தால் ஒருவன் பயங்கரவாதி ஆகிவிட மாட்டான் என்று அரசாங்கத் தலைமை வழக்கறிஞர் 2020 பிப்ரவரியில் வழக்கைக் கைவிட்டார். 2023இல் அதே மலேசியா, ஹமாஸைப் பயங்கரவாத இயக்கமாக ஏற்க முடியாது என்று அமெரிக்காவிடம் நெஞ்சை நிமிர்த்தியது. இல்லாத இயக்கத்தின் படத்துக்குச் சிறை, இருக்கும் இயக்கத்தின் தலைவரோடு கைகுலுக்கல். அமெரிக்காவுக்கு மட்டும் சொல்ல வாய் இருக்கிறதா? தலைக்கு ஒரு கோடி டாலர் விலை வைத்திருந்த சிரியாவின் அஹமத் அல் ஷராவை 2025 நவம்பரில் வெள்ளை மாளிகைக்கு அழைத்து, டிரம்ப் தன் கையால் அத்தர் தெளித்துவிட்டார். சோப்பே தேவையில்லை.

சரி, அரசாங்கங்களைத் திட்டுவது சுலபம். நம் வீட்டுச் சுவரிலும் ஒரு உஸ்மான் ஹாருன் தொங்குகிறதே, அதை என்ன செய்ய? 1990 ஆகஸ்ட் 3, கிழக்கிலங்கையின் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். அக்டோபரில் வடக்கு முஸ்லிம்களை ஊரைவிட்டே துரத்தினார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கையில் துப்பாக்கி. இதைச் சொன்னால் “நேரம் பார்த்துப் பேசுங்கள்” என்கிறவர்கள், ஜகார்த்தாவின் மாறுவேடப் போட்டியைப் பார்த்து முகம் சுளிக்கத் தகுதியற்றவர்கள். தொழுகையில் குனிந்தவன் முதுகும் குண்டுக்குப் பலியான வங்கி ஊழியரின் உடம்பும் எனக்கு ஒன்றுதான். பட்டியல்காரர்களுக்குத்தான் வேறு வேறு.

ஏனென்றால் பட்டியலில் ஒரு வசதி உண்டு. முத்திரை வைத்திருப்பவன் பெயர் அதில் ஏறவே ஏறாது. 2009இல், போரின் கடைசி மாதங்களில், இலங்கை அரசாங்கமே பாதுகாப்பு வலயம் என்று அறிவித்த இடத்தில் குண்டு விழுந்தது, மருத்துவமனையில் விழுந்தது. 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்றது ஐ.நா. நிபுணர் குழு. அப்போது பாதுகாப்புச் செயலாளர், பிறகு அதிபர், கோத்தபய ராஜபக்ச. 2022 ஜூலை 14 அன்று, சொந்த மக்களே துரத்தியடிக்க, அவர் வந்து இறங்கியது எங்கே? சாங்கி விமான நிலையத்தில். தனிப்பட்ட வருகை, அடைக்கலம் கேட்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை என்றது நம் வெளியுறவு அமைச்சு. 14 நாள் அனுமதி, பிறகு நீட்டிப்பு. அதே நாளில் காவல்துறை ஓர் எச்சரிக்கையும் விட்டது: அவருக்கு அல்ல, அவரை எதிர்த்துக் கூட்டம் போட நினைப்பவர்களுக்கு. அவரைக் கைதுசெய்ய வேண்டும் என்று மனித உரிமை அமைப்பு ஒன்று 63 பக்கப் புகாரை அரசாங்கத் தலைமைச் சட்ட அலுவலகத்தில் கொடுத்தது. பெற்றுக்கொண்டோம் என்றார்கள். ஆகஸ்ட் 11 அன்று அவர் தாய்லாந்துக்கு விமானம் ஏறினார். செப்டம்பர் 2 இரவு கொழும்பில் இறங்கியபோது, அமைச்சர்கள் மாலையோடு வரிசையில் நின்றார்கள்.